இடிக்காமல் அகலமான தெரு

மஞ்சணத்திக்குளத்தின் நடுத்தெரு ஒரு செங்கல்கூட இடிபடாமல் ஒரே இரவில் அகலமாகிப்போன அன்று காலை, ஆவுடைத்தங்கம் தன் மாவு மில்லின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, எதிர்வீட்டு உலகம்மையிடம் கறிவேப்பிலை வாங்குவதற்காக எப்போதும்போல வாசற்படியில் நின்றபடியே கையை நீட்டினாள், கை எட்டவில்லை.

"என்ன மதினி, ராத்திரியோட ராத்திரியா கை குட்டையாயிட்டா?" என்றாள் உலகம்மை.

"கை அப்படியேதான் இருக்கு. ஒங்க வீடுதான் பின்னால போயிருக்கு."

"எங்க வீடு எங்கயும் போகல. ஒங்க படிதான் தள்ளி நிக்கி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உலகம்மை இறங்கி நடந்துவந்து கறிவேப்பிலையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதுவரை அந்தத் தெருவில் குடை பிடித்த இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்கியாக வேண்டும். ஆவுடைத்தங்கம் இருந்த கீழவரிசையில் மிளகாய் வறுத்தால் உலகம்மை இருந்த மேலவரிசையில் தும்முவார்கள். பஸ் ஊருக்குள் நுழையாமல் குளத்தங்கரையிலேயே திரும்பிவிடும். காலை வெயில் யார் வாசலில் முதலில் விழும் என்பதைத் தவிர இரண்டு வரிசைக்கும் வேறு வித்தியாசம் கிடையாது, பெண் கொடுத்ததும் எடுத்ததும் தெருவுக்குக் குறுக்காகத்தான். தெருவை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்கள் வீடுவீடாகச் சிவப்புச் சாயத்தில் கோடு போட்டு, இதுவரைக்கும் இடிபடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சில வீடுகளில் அந்தக் கோடு அடுப்படிச் சுவரில் விழுந்திருந்தது. கோட்டைப் பார்த்தபடியே சமைத்து, கோட்டைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்த ஊருக்கு, பேரூராட்சித் தலைவர் தேர்தலில் நின்ற பூதலிங்கம் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தார். ஒரு செங்கல்லை உதிர்க்காமல் தெருவை அகலமாக்கிக் காட்டுகிறேன் என்றார். மெதுவாகப் பேசுகிறவர், எதிர்த்து நிற்பவரையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசியில் போகிறவர். இரண்டு வரிசை ஓட்டும் அவருக்கே விழுந்தது.

நாலாவது வார்டு உறுப்பினராக ஆவுடைத்தங்கம் ஜெயித்ததும் அப்படித்தான். அந்த வார்டில் இரண்டு வரிசையும் உண்டு. மேலவரிசையில் அவளுக்காக வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கியவள் உலகம்மை.

முதல் கூட்டத்தில் நடுத்தெரு அகலமாக வேண்டும் என்று தீர்மானம் வாசிக்கப்பட்டது, எல்லா உறுப்பினர்களும் கை தூக்கினார்கள், தலைவர் "ஏகமனதாக" என்றார், விடிந்தபோது தெரு அகலமாகியிருந்தது. அளவெடுப்பவர் திரும்ப வந்து டேப்பை நீட்டிப் பார்த்து, எண்ணை எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். கோடுகளை ஊரே சுண்ணாம்பு பூசி மறைத்தது. மாலையில் முதல் பஸ் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தது, பூதலிங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனார்கள், அந்தத் தோள்களில் எது கீழவரிசைத் தோள் எது மேலவரிசைத் தோள் என்று அன்று யாரும் பார்க்கவில்லை.

உலகம்மைக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. "எல்லாஞ் சரி மதினி. எதிர்ச்சோறு ஆறிப்போகாதா?"

மஞ்சணத்திக்குளத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பிணம் எடுத்த பிறகு எதிர்வீட்டுக்காரி தன் அடுப்பில் பொங்கிய சோற்றையும் கடுகு தாளிக்காத குழம்பையும் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்து, அதில் ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி தீ மூட்டலாம். பக்கத்துவீட்டுச் சோறு உதவாது, சொந்தக்காரர் சோறு உதவாது, எதிர்வீட்டுச் சோறுதான். ஆவுடைத்தங்கத்தின் புருஷன் செத்த அன்று உலகம்மைதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த ஆவுடைத்தங்கம், அந்தச் சோற்றின் ஆவி முகத்தில் அடித்தபோதுதான் முதன்முதலாக அழுதாள். இப்போது உலகம்மையின் வீட்டுக்குள் அவள் புருஷன் குற்றாலிங்கம் நெஞ்சுச் சளியோடு கட்டிலில் கிடந்தார்; அவர் இருமும் சத்தம் மாவு மில் ஓடாத நேரங்களில் இங்கே கேட்கும்.

"அண்ணாச்சிக்கு ஒண்ணும் ஆகாது. ஆனாலும் நான் இருக்கேம்லா. ஓட்டமா ஓடியாந்திர மாட்டேன்?" என்றாள் ஆவுடைத்தங்கம்.

அகலமாகு என்று ஒருமுறை கேட்டுக்கொண்டதைத் தெரு மறக்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் தெருவைப் பற்றிய பேச்சே வரவில்லை, ஆனாலும் கூட்டம் முடிந்த மறுநாள் தெரு இன்னும் கொஞ்சம் விரிந்திருந்தது. பழக்கடைக்காரர்கள் நடுவில் வண்டி போட்டார்கள். பையன்கள் கிரிக்கெட்டில் பவுண்டரியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள், பிறகு பவுண்டரி அடிப்பதே நின்றுபோயிற்று. நடுவில் புல் முளைத்தது, ஆடு மேய்ந்தது, கானல் அலைந்தது. முப்பிடாதி என்கிறவன் இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் ஷேர் ஆட்டோ விட ஆரம்பித்தான். கீழவரிசையில் பெய்த மழை மேலவரிசையில் பெய்யாமல் போன வருஷம், நம்முடைய மழையை அவர்கள் பிடித்துவைத்துக்கொண்டார்கள் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். அங்கே பெய்து இங்கே பெய்யாத வருஷம் இங்கேயும் அதையே பேசிக்கொண்டார்கள். தூரத்தில் சிறுத்துத் தெரிந்த எதிர்வரிசைக்காரர்களை, அவர்கள் உண்மையிலேயே குட்டையாகி வருகிறார்கள் என்று முதலில் வேடிக்கையாகச் சொன்னார்கள், பிறகு வேடிக்கையாகச் சொல்லவில்லை.

பேரூராட்சி அலுவலகம் கீழவரிசையில் இருந்தது. கூட்டம் நடக்கும்போது ஊர்க்காரர்கள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்பதும், பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று உள்ளே பார்த்துக் கத்துவதும் வழக்கம். அகலமான தெருவில் தூசி அதிகம் என்பதால் சன்னல்களை மூடிவிடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. ஆவுடைத்தங்கத்துக்கும் கண் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, கை தூக்கினாள். மேலவரிசை உறுப்பினர்கள் தெருவைக் கடந்து வந்து சேர்வதற்குள் கூட்டம் பாதி முடிந்துவிடுவதால், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்று ஒன்று வந்தது. காத்திருந்து காத்திருந்து மில்லில் மாவு அரைக்க ஆள் நின்றதுதான் மிச்சம், கை தூக்கினாள். தொடர்ந்து தாமதமாக வருகிறவர்களின் நாற்காலியை எடுத்துவிடலாம் என்று ஒன்று. அந்த வரிசை ஓர் இடத்தில் நிலையாக நிற்கும்வரை அங்கே விளக்குக் கம்பம் நடுவதில் பயனில்லை என்று ஒன்று. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. தூசி உண்மை, தாமதம் உண்மை, நட்ட கம்பம் மறுவாரம் தெருவுக்கு நடுவில் நின்றதும் உண்மை. எல்லாமே கை தூக்கி, எழுதி, வாசித்து, முத்திரை குத்தி முறையாக நடந்தது. தலைவர் அவளை அக்கா என்று கூப்பிட்டார், மில்லுக்கு மும்முனை மின்சாரம் வாங்கிக்கொடுத்தார். கை தூக்காமல் இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்ப்பார் என்பது ஒன்றே போதுமாக இருந்தது.

ஒரு கூட்டத்தில் மட்டும் கேட்டாள். "தலைவரே, அந்த வரிசை ஏன் இப்படித் தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு?"

"நல்லாக் கேட்டிய அக்கா" என்று பூதலிங்கம் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "நாம இருந்த எடத்துலதானே இருக்கோம்? நம்ம சுவர் நகர்ந்திருக்கா? படி நகர்ந்திருக்கா? அவுகதான் வெலகிப் போறாக. போறவுகளக் கையப் புடிச்சா இழுக்க முடியும்?"

மேசையைத் தட்டினார்கள். மேலவரிசையில் சிதம்பரவடிவு என்ற ஒருவரைத் தலைவர் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார்கள்; அவர் பிள்ளையார் கோயில் மேடையில் இதே வார்த்தைகளைக் கீழவரிசையைக் காட்டிச் சொன்னதாகவும் அங்கேயும் தட்டினார்கள் என்றும் முப்பிடாதி வந்து சொன்னான்.

ஆவுடைத்தங்கத்தால் மில்லில் நிலையாக உட்கார முடியவில்லை. அரவைக்கு நடுவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து காதைக் கொடுப்பாள். முதலில் இருமல் கேட்டது, பிறகு காற்று இந்தப் பக்கம் வீசினால் மட்டும் கேட்டது, பிறகு காற்று மட்டும் கேட்டது. சாயங்காலம் எதிர்வீட்டு விளக்கு ஒரு கடுகளவுக்குத் தெரிந்தது, அதுவும் உலகம்மையின் விளக்குத்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒருநாள் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். குற்றாலிங்கம் எலும்பாகியிருந்தார். அவளைப் பார்த்ததும், "மேம்பரம்மா, எங்க ஊருக்கு வந்திருக்கியளா?" என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை, மூச்சு வாங்கியது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துவீட்டுக்காரி, "இவ சோத்துக்கு நீங்க காத்திருக்கவா போறிய? பின்தெருவுல சொல்லி வைங்க" என்று அவள் காதில் விழும்படியே உலகம்மையிடம் சொன்னாள்.

"என் எதிர்வீடு இவுகதான்" என்று மட்டும் சொன்னாள் உலகம்மை.

அடுத்த தேர்தல் நெருங்கியது. அப்போது கூடிய கூட்டத்தில் வந்தது ஒரே தீர்மானம். எதிர்வரிசை கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதால், அது இந்த ஊரின் எல்லைக்குள் இருக்கிறது என்று சொல்ல முடியாது, ஆகவே அங்கே வாக்குச்சாவடி வைக்க வேண்டியதில்லை. எழுத்தர் வாசித்து முடித்தபோது யாரோ மூடியிருந்த சன்னலைப் படபடவென்று தட்டினார்கள்.

"மேம்பரக்கா! குற்றாலிங்கம் அண்ணாச்சி போயிட்டாவ! உலகம்மக்கா சொல்லிட்டு வரச் சொன்னாவ!" முப்பிடாதியின் குரல்.

பூதலிங்கம் எழுந்து நின்று கைகூப்பி ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். உண்மையாகவே மூடினார், அவர் கல்யாணத்தில் அவரைத் தோளில் வைத்துப் பந்தல் சுற்றியவர் குற்றாலிங்கம்.

"பாவம், நல்ல மனுசர். நீங்க போங்க அக்கா. கைய மட்டும் தூக்கிட்டுப் போங்க."

ஆவுடைத்தங்கம் தன் கையைப் பார்த்தாள். அது பழக்கத்தில் மடியைவிட்டு லேசாக எழும்பியிருந்தது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா? ஒரு நிமிசம்தானே?"

"ஒலை வைக்கணும்" என்றாள். வராண்டாவில் செருப்பைத் தேடும்போது உள்ளே அந்த மெதுவான குரல் கேட்டது. "உறுப்பினர் துக்க காரியமா வெளிய போயிட்டாக. இருக்கிற அத்தனை பேரும் கை தூக்கியாச்சு. ஏகமனதாக. நாளன்னைக்குக் கூடி, வாசிச்சு உறுதி பண்ணிருவோம்."

அவள் வீட்டுக்குப் போய் அரிசி, பருப்பு, தண்ணீர், சட்டி எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். பிறகு நின்றாள். இங்கே பொங்கினால் அங்கே போய்ச் சேரும்போது பழைய சோறாகத்தான் இருக்கும். மேலேயே பர்னர் பொருத்திய சின்ன சிலிண்டர் ஒன்று மில்லில் டீ போடுவதற்காகக் கிடந்தது. இத்தனை வருஷமாக அவள் புழங்கிய அடுப்பு, அதுவும் எதிர்வீட்டு அடுப்புத்தான். அதைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள்.

"அடுப்பையே கொண்டாறியளா?" என்றான் முப்பிடாதி.

"பேசாம ஓட்டுடே."

பாதித் தெருவில், தண்ணீர்க் குடத்தைச் சரித்தால் நீர் பரவுவதுபோல, தரை விரிய ஆரம்பித்தது. தெரு விரிவதை இரண்டு வரிசைக்காரர்களும் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை, ஏனென்றால் விரியும்போது எல்லாரும் அவரவர் வரிசையில்தான் இருந்தார்கள். ஆவுடைத்தங்கம் முன்னால் பார்த்தாள், மேலவரிசை ஓட்டுக்கூரைகள் எல்லாம் சேர்ந்து மெதுவாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தாள். கீழவரிசை, பேரூராட்சி அலுவலகக் கொடிக்கம்பம், அவளுடைய மாவு மில்லின் தகரக்கூரை, எல்லாம் அதே வேகத்தில், அதே மாதிரி சத்தமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்தன. இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

"முப்பிடாதி, நம்ம வீடும்லாடே போவுது."

"எனக்குத் தெரியும்க்கா. தெனமும் நடுவுலதான நிக்கேன்."

"இத ஏன் யாருட்டயும் சொல்லல?"

"சொன்னா ரெண்டு பக்கமும் ஆட்டோவுல ஏற மாட்டானுவ."

கொஞ்ச தூரத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டான், இதற்குமேல் போனால் திரும்ப டீசல் காணாது என்றான். அவள் இறங்கினாள். சட்டிகளைத் தலையிலும் சிலிண்டரை இடுப்பிலும் வைத்துக்கொண்டு புல்லுக்குள் நடந்தாள், இடுப்பு மாற்றி மாற்றி நடந்தாள், நின்றால் வரிசை தள்ளிப் போய்விடும் என்று மூச்சு வாங்கக்கூட நிற்காமல் நடந்தாள், வெயில் உச்சியிலிருந்து இறங்கி முகத்துக்கு நேரே வரும்வரை நடந்தாள். மேலவரிசை வீடுகளின் கதவு நிறம் தெரிந்த இடத்தில் சிலிண்டரை இறக்கி, பற்றவைத்து, உலை ஏற்றினாள்.

நாலைந்து இளவட்டங்கள் கம்போடு வந்து சுற்றி நின்றார்கள். காவலுக்கு என்று சிதம்பரவடிவு போட்டிருந்த ஆட்கள்.

"எந்த வரிசை?" என்றான் ஒருவன்.

"குற்றாலிங்கம் அண்ணாச்சிக்கு எதிர்வீடு."

"எதிர்வீடா?" அவன் கையை நெற்றியில் வைத்து அவளுக்குப் பின்னால் பார்த்தான். "எதிர்ல வீடு எங்க இருக்கு? ஒண்ணையும் காணுமே."

அவளும் திரும்பிப் பார்த்தாள். வானமும் புல்லும்தான் இருந்தன.

"கண்ணுக்குத் தெரியலேங்கதுக்காக வீடு இல்லாமப் போயிருமாலே? நீ தெரியலேன்னுதான் அங்கன ஒன்னைய இல்லேன்னு எழுதிட்டான். நீ இல்லையா, இருக்கியா?"

"என்னன்னு எழுதிருக்கான்?"

"ஓட்டுப்பெட்டி கெடையாதுன்னு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றொருவன், இதுவரை பேசாதவன், "ஆளு நாம நெனச்ச மாதிரிக் குட்டையா இல்லியேலே?" என்று மெதுவாகச் சொன்னான். சோறு கொதித்துப் பொங்கியது. கம்போடு நின்றவன் குனிந்து தீயைத் தணித்துவிட்டான். வடித்து, குழம்பும் வைத்து முடித்ததும் குழம்புச் சட்டியை அவனே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

பிணம் எடுத்தாகிவிட்டிருந்தது. கழுவிவிட்ட தரையில் உலகம்மை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்தெருவிலிருந்து வந்த தூக்குவாளி மூடியபடியே ஒரு மூலையில் இருந்தது. ஆவுடைத்தங்கம் சோற்றைப் பிசைந்து இலையில் வைத்தாள். ஆவி எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றது. உலகம்மை ஒரு வாய் எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள். சூடு தாங்காமல் விரலை உதறிக்கொண்டாள்.

"இன்னைக்குக் கூட்டம் இருந்துச்சாமே மதினி."

"இருந்துச்சு."

"கை தூக்குனியளா?"

"இல்ல. எந்திரிச்சு வந்துட்டேன்."

"வேண்டாம்னு சொன்னியளா?"

ஆவுடைத்தங்கம் இன்னும் கொஞ்சம் சோற்றை எடுத்து இலையில் வைத்தாள். உலகம்மை மெல்லுவதை நிறுத்தாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒலை வைக்கணும்னு சொன்னேன்."

"அப்ப எழுதிட்டாவ."

"ஏகமனதான்னு எழுதிட்டாவ. நாளன்னைக்கு வாசிப்பாக. வாசிக்கும்போது ஒரு ஆளு எந்திரிச்சு, இது சரியில்ல, நான் ஒத்துக்கிடலேன்னு சொன்னா, அதையும் எழுதித்தான் ஆகணும். ஏகமனதுன்னு போட முடியாது."

"யாரு சொல்லப் போறா?"

வெளியே யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. ஆவுடைத்தங்கம் இலையைப் பார்த்தபடி, "இப்பத்தான வந்திருக்கேன். இன்னைக்கு ராத்திரி ஒங்ககூடப் படுத்திருக்கணும்லா" என்றாள்.

"கூடப் படுக்க ஆளு இருக்கு. அழ ஆளு இருக்கு. அங்கன எந்திரிச்சு நிக்கதுக்கு இந்த வரிசையில ஒரு நாக்காலி இல்ல." உலகம்மை இலையை மடித்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆவுடைத்தங்கத்துக்குத் தோன்றியது. "இத்தன வருசமா கை தூக்குனத நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். சோறு சூடாத்தான் இருந்துச்சு. கெளம்புங்க மதினி, இருட்டுக்கு முன்னால கொஞ்ச தூரமாவது தாண்டிரலாம்."

பிறகு கையை ஊன்றி எழுந்து, அடுப்படிக்குப் போய், தீப்பெட்டியை உரசினாள்.

ஆவுடைத்தங்கம் சிலிண்டரையும் சட்டிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வெறும் கையோடு படியிறங்கினாள். கம்பு வைத்திருந்தவன், "அக்கா, வழி தெரியுமா? அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலையே" என்றான். வெயில் அவள் முதுகில் விழுந்து, நிழல் கிழக்கே நீண்டு கிடந்தது. அந்தத் திசையில் தரை இன்னும் விரிந்துகொண்டுதான் இருந்தது, புல்நுனிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகுவதை அவளால் பார்க்க முடிந்தது. இது சரியில்ல, நான் ஒத்துக்கிடல என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள்; மறுபடி சொன்னாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, தெரு விரிகிற வேகத்தைவிட ஓர் எட்டு கூடுதலாக எடுத்துவைத்து நடக்க ஆரம்பித்தாள்.